தேவகியிடம் கொடுக்காத சாவி

ஏணியின் முதல் படியில் என் ஒரு கால். கீழே கையை நீட்டிக்கொண்டு தேவகி.

“சாவியக் குடுமே. மேல போய் குனிஞ்சினா பாக்கெட்லந்து உழுந்துரும். நான் வெச்சிக்கிறேன்.”

சாவியைச் சட்டைப் பாக்கெட்டில் போட்டு, பட்டனையும் மாட்டினேன். “வேணாம் தேவகி. இது என்கிட்டதான் இருக்கணும்.”

நீட்டிய கை அப்படியே நின்றது. பக்கத்து மெஷினில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“என்கிட்ட குடுக்கமாட்டியா?”

“யார்கிட்டயும் குடுக்கமாட்டேன்.”

“நான் யாரோவா?” என்றாள்.

விறுவிறுவென்று மேலே ஏறிவிட்டேன். அன்றைக்கு எண்ணெய்க் கறை படிந்த அந்த ஏணியில் நான் ஏறியது வேலைக்காகப் பாதி, அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து பாதி.

எண்ணூர் போகிற வழியில், லாரிகளுக்குப் பிரேக் டிரம் கடைந்து கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. தேவகி அங்கே மெஷின் ஓட்டுகிறவள். நான் மெஷின் கெட்டால் பார்க்கிறவள், மெயின்டெனன்ஸ். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பிளாக்கில் எனக்கும் அவளுக்கும் எதிரெதிர் கதவு. ஒரே ஷேர் ஆட்டோவில் போவோம், ஒரே டிபன் பாக்ஸில் ரெண்டு பேர் கையும் இருக்கும். அப்படிப்பட்டவளிடம் ஒரு சாவியைக் கொடுக்கமாட்டேன் என்று ஊர் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

எதிர் வூட்டுச் சாவி

போன வாரம் இதே பத்தியில் எங்கள் பிளாக்கின் தண்ணீர்ச் சண்டைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ரெண்டு பேர் என்னிடமே சண்டைக்கு வந்தார்கள். “எங்களப் பத்தி நல்லதே ஒண்ணும் இல்லியா?” என்று கேட்டார்கள். இருக்கிறது. இதோ எழுதுகிறேன்.

எங்கள் பிளாக்கில் வீட்டைப் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துப் போகிறவளை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். சாவி எதிர் வீட்டில் இருக்க வேண்டும். சிலிண்டர் வரும், குழாயில் தண்ணீர் வரும், மழை வந்தால் கொடியில் துணி நனையும். எதிர் வீட்டுக்காரி திறப்பாள், எடுப்பாள், பிடிப்பாள், மூடுவாள்.

பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு நான் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் வீட்டுக் கதவு ஒரு நாள் கூடச் சாத்திக் கிடக்கவில்லை. தேவகி திறந்து, பெருக்கி, என் வீட்டு அடுப்பிலேயே சோறு வைத்து, என் வீட்டுக்காரர் மாரிக்குப் போட்டிருக்கிறாள். வந்து பார்த்தால் என் மசாலா டப்பாக்கள் எல்லாம் அவள் வரிசைக்கு மாறியிருந்தன. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன.

சினிமாக்காரர்கள் எங்கள் பாஷையை வைத்து ரவுடி வேஷம் போடுவார்கள், காமெடி பண்ணுவார்கள். எங்கள் வீட்டுச் சாவி யார் வீட்டில் தொங்குகிறது என்று ஒருத்தரும் காட்டியதில்லை. அவர்கள் காட்டாவிட்டால் போகிறது, நான் சொல்கிறேன். பூட்டுப் போடத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள். சாவியை அடுத்தவரிடம் கொடுக்கத் தெரிந்தவர்கள்.

பிரச்சினை என்னவென்றால், அதே பழக்கத்தோடு ஃபேக்டரிக்கும் போய்விட்டோம்.

ஆணியைப் பிடுங்கினேன்

எங்கள் மெஷினுக்குக் கேன்ட்ரி என்று பெயர். ரெண்டு தூண், மேலே நீளமாக ஒரு பீம். பீமின் மேல் வழவழவென்று இரும்பு ரெயில். அந்த ரெயிலில் ஒரு வண்டி போகும், வரும். வண்டியிலிருந்து கீழே தொங்கும் ஒரு கை, டிரம்மைக் கவ்வித் தூக்கி லேத்தில் வைக்கும், கடைந்ததும் எடுத்து வந்து அடுக்கும். மனுஷன் தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும். அது சளைக்காமல் செய்யும்.

அதுக்குக் கண் கிடையாது. வழியில் டிரம் இருக்கிறதா, என் தலை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் பூட்டு. உள்ளே போகிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைத் தொங்கவிட வேண்டும். சாவி தன்னிடம். வெளியே வந்த பிறகு தானே எடுக்க வேண்டும். ஒரு பூட்டு தொங்கினாலும் சுவிட்ச் மேலே ஏறாது.

இதெல்லாம் சுவரில் இங்கிலீஷ் போர்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே பேனலில் ஓர் ஆணி. பூட்டைப் போட்டுவிட்டு எல்லாரும் சாவியை அந்த ஆணியில் மாட்டுவார்கள். யார் முதலில் வெளியே வருகிறார்களோ, அவர்கள் மற்றவர்களுடையதையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். “நீ டீ குடி மாமு, உன்னுத நான் எடுத்துக்கிறேன்.” எவ்வளவு பாசம் பாருங்கள்! எதிர் வூட்டுப் பாசம் அப்படியே ஷிப்டு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

கேன்ட்ரி என் பொறுப்புக்கு வந்த அன்றே கட்டிங் பிளேயரை எடுத்து அந்த ஆணியைப் பிடுங்கினேன். பக்கத்தில் எலெக்ட்ரீஷியன் அந்தோணி, ராயபுரத்துப் பையன், வாயைப் பிளந்தான்.

“இன்னாக்கா, வந்ததும் வராததுமா வூட்ட இடிக்கிற?”

“உன் பூட்டு, உன் சாவி, உன் பாக்கெட். நாளைக்கு நீ செத்தா ஆணி வந்து உன் ஆயாவுக்குப் பதில் சொல்லாது.”

அவன் சிரித்தான். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். என் வேலைக் காலத்தில் நான் மாட்டியது எத்தனையோ. ஆனால் பிடுங்கிய ஒன்றைச் சொல்லச் சொன்னால் அந்த ஆணியைத்தான் சொல்வேன், அதுவும் சத்தமாக.

பூட்டோடும் முடியாது. மின்சாரம் நின்றால் மெஷின் செத்துவிட்டது என்று நினைக்கிறவர்களை நான் மெஷின் பக்கமே விடுவதில்லை. தொங்கும் கையை மேலே பிடித்துவைத்திருப்பது ஒரு பிரேக்தான். அது வழுக்கினால் கை கீழே வரும், கரன்ட் தேவையில்லை. அதனால் அடியில் இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும். கவ்வுகிற விரலில் காற்று அடைத்திருக்கும், அதைத் திறந்துவிட வேண்டும். எல்லாம் செய்துவிட்டு ஸ்டார்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஒன்றும் நகரவில்லை என்றால்தான் ஏணி.

மோட்டார் மேல் போட்ட பழி

தேவகி கையை நீட்டிய அந்த நாளுக்குக் காரணம் வண்டியின் திக்கல்தான். பீமின் நடுவில் ஓர் இடம் வந்தால் ‘கடக்’ என்று ஒரு சத்தம், ஓர் உதறல், உடனே மெஷின் நின்று சிவப்பு விளக்கு. காலையில் அதிகம், வெயில் ஏறினால் கொஞ்சம் குறையும்.

புரொடக்ஷன் ராகவன் சார் வந்து பார்த்தார். “மோட்டார் போயிடுச்சு, புனிதா. புதுசு சொல்லிடலாம்.”

நல்ல மனிதர், ஆனால் எதற்கெடுத்தாலும் மோட்டார். வீட்டில் ஃபேன் சுற்றாவிட்டால் கரன்ட் ஆபீஸைத் திட்டுகிற ஜாதி.

“ஒரு நாள் குடுங்க சார். மோட்டாரக் கழட்டிட்டுப் பாக்குறேன்” என்றேன். அன்றைக்குத்தான் தேவகியின் கை நீண்டது, நான் பாக்கெட் பட்டனை மாட்டினேன்.

மேலே அந்தோணியும் நானும் மோட்டாரைத் தனியாகப் பிரித்துவிட்டு, வண்டியைக் கையாலேயே தள்ளினோம். அதே இடத்தில் அதே திக்கல். மோட்டார் இல்லாமலே திக்குகிறது என்றால் மோட்டார் மேல் கேஸ் நிற்காது.

ரெயிலை நகத்தால் வருடிப் பார்த்தேன். ஷட்டருக்கு நேராக ஓர் இடத்தில் சொரசொரப்பு. மத்தியானம் கடல்காற்று வரட்டும் என்று எல்லாரும் திறந்துவைக்கும் ஷட்டர் அது. எங்களுக்குச் சுகம், ரெயிலுக்குத் துரு. உப்புக்காற்றுக்கு யார் இரும்பு என்ன விலை என்றா தெரியும்?

வண்டி ரெயிலைக் கவ்விப்பிடிப்பது நாலு பிளாக்கால். உள்ளே சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் உருளும். மூன்று பிளாக்கில் கிரீஸ் பசையாக இருந்தது, ஒன்று மட்டும் காய்ந்த தொண்டை. அதற்குப் போகும் கிரீஸ் டியூபைக் கழற்றிவிட்டு அந்தோணி பம்பை அடித்தான், அடித்தான், ஒன்றும் வரவில்லை. கடைசியில் மெழுகுவர்த்தி மாதிரி ஒரு துண்டு வெளியே வந்து விழுந்தது.

அந்தோணி அதை முகர்ந்து பார்த்தான். அவன் அப்பா காசிமேட்டில் விசைப்படகில் போனவர். “அக்கா, இது படகு கிரீஸு! வல இழுக்குற விஞ்சுக்குப் போடுவாங்களே, அது!”

எங்களுக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ ஒரு புண்ணியவான், கடல்காற்றுக்குப் படகு கிரீஸ்தான் தாங்கும் என்று டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். தப்பான ஞானமும் இல்லை. படகு விஞ்சுக்கு அதுதான் சரி. ஆனால் ஏற்கெனவே ஒரு கிரீஸ் இருக்கும் டியூபில் இன்னொன்றைக் கலந்துவிட்டார். சாம்பாரும் நல்லது, பாயசமும் நல்லது. ரெண்டையும் ஒரே டம்ளரில் ஊற்றினால் யார் குடிப்பது?

இந்த ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் வந்தது. பிளாக்குகளும் ஒரு துண்டு ரெயிலும் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினேன். மோட்டார் வாங்கும் பேச்சு அதோடு போச்சு. ராகவன் சார் முதுகில் தட்டிக் கொடுத்தார். கீழே தேவகி என் பக்கம் திரும்பவே இல்லை.

கதவு சாத்திய சத்தம்

அன்று சாயந்திரம் அவள் தனி ஆட்டோவில் போய்விட்டாள். நான் மாடி ஏறி வந்தபோது என் வாசலில் நின்றிருந்தாள். வராண்டா முழுக்க ஆள்.

“இந்தா உன் வூட்டுச் சாவி” என்று என் கையில் வைத்தாள். “அப்பால எதுனா காணாமப்போச்சுன்னா என் பேரு வரக்கூடாது.”

“தேவகி, அது வேற, இது வேற...”

“இன்னா வேற? எல்லாம் சாவிதான்.”

அவள் கதவைச் சாத்திய சத்தம் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டிருக்கும். எங்கள் பிளாக்கில் எதிர் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுப்பது என்றால் உறவை அறுப்பது. அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

உள்ளே போய் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே அழுதேன்.

“ஒரு பூட்டுக்காக இன்னாத்துக்கு இம்மாம் பேஜாரு?” என்றார் மாரி. “நாளைக்கு அவகிட்டயே குடுத்துட்டு மேல ஏறு. இன்னா, அவ உன்னக் கொல்லவா போறா?”

“அவ கொல்லமாட்டா. அதுக்குத்தான் குடுக்கமாட்டேன்றேன்” என்றேன். மாரிக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே அப்போது முழுசாக விளங்கவில்லை.

பிறகு வந்த நாட்கள் கலீஜானவை. சிலிண்டர்காரர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனார். கொடியில் துணி நனைந்தது. திறந்து விட்டுப்போன குழாயில் தண்ணீர் வந்து சமையல்கட்டு மிதந்தது. ஃபேக்டரியில் வேறு, “புனிதா ஆப்பீசராயிட்டா, சாவியக்கூட நம்பி குடுக்கமாட்டா” என்று பேச்சு. டிபன் பாக்ஸைத் தனியாகத் திறந்து, பாதியை அப்படியே மூடி வீட்டுக்கு எடுத்துப்போனேன். ஆனாலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தோற்றாலும் பாக்கெட் பட்டனைக் கழற்றுவதாக இல்லை.

அந்த மத்தியானம்

சாமான்கள் வந்து சேர்ந்தன. காலையிலேயே தொங்கும் கைக்கு முட்டுக் கொடுத்து, காற்றைத் திறந்துவிட்டு, சுவிட்சில் என் பூட்டும் அந்தோணி பூட்டும் ஏறின. பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு ரெண்டு பேரும் மேலே போனோம்.

மத்தியானம் வரைக்கும் பழைய பிளாக்குகளை இறக்கி, புதுசை ஏற்றி, ரெயில் துண்டு ரெண்டும் சேரும் இடத்தை நகத்துக்குத் தட்டாமல் சரி பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டாரைத் திரும்ப மாட்டி ஒயரைச் சேர்த்தாயிற்று. அந்தோணி வேலை முடிந்தது.

“அக்கா, நான் இறங்குறேன். என்னுத எடுத்துக்கிறேன். உன்னுது கீது.”

“சரி, போ.”

அவன் தன் பூட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து ஷெட்டுக்குப் போய்விட்டான். நான் பீமை ஒட்டி ஓடும் கேபிள் தட்டுக்குப் பின்னால் படுத்தவாக்கில் கடைசி போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தேன். பீமின் கோடியில் வண்டி முட்டி நிற்க ஒரு தடுப்பு உண்டு. வண்டிக்கும் அந்தத் தடுப்புக்கும் நடுவில்தான் என் ரெண்டு கையும். கீழேயிருந்து பார்த்தால் என் நிழல்கூடத் தெரியாது.

இனி கீழே நடந்தது, பிறகு தேவகி வாயால் கேட்டது.

ராகவன் சார் வந்திருக்கிறார். வெளியே டிரம்முக்கு லாரி நிற்கிறது. “புனிதா முடிச்சிட்டாளா?”

தேவகி திரும்பிப் பார்த்திருக்கிறாள். என்னுடையது மாதிரியே நீலச் சட்டை, தொப்பி, என் உயரத்தில் ஒரு பெண் கேன்டீன் பக்கம் நடந்துகொண்டிருக்கிறாள். “முடிச்சிட்டா சார். தோ, டீக்குப் போய்க்கினு கீறா.”

“அப்ப ஆன் பண்ணி வண்டிய வீட்டுக்கு விடு.”

வீட்டுக்கு விடுவது என்றால், மெஷினைப் போட்டதும் வண்டியைப் பீமின் கோடிக்கு ஓடவிட்டு, அங்கிருந்து கணக்கு ஆரம்பிக்கவைப்பது. பட்டனை அமுக்குவது தேவகி வேலை. கோடி என்றால், என் கைகள் இருந்த அதே கோடி.

சுவிட்சைப் பார்த்திருக்கிறார்கள். என் பூட்டு தொங்குகிறது.

“மறந்துட்டுப் போயிட்டாளா? சாவி எங்கே?”

“அவகிட்டதான் சார். அதான் யாருக்கும் குடுக்கமாட்டாளே” என்று கடுப்போடு சொல்லிவிட்டு, என்னை இழுத்துவர அவளே கேன்டீனுக்குப் போயிருக்கிறாள்.

அங்கே நீலச் சட்டை திரும்பியிருக்கிறது. குவாலிட்டியில் புதிதாகச் சேர்ந்த பெண்.

எனக்கு மேலே கேட்டது ஓடிவரும் செருப்புச் சத்தம். ஃபேக்டரிக்குள் யாரும் ஓடமாட்டார்கள். ஓடினால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

“புனிதா! ஏய் புனிதா! எங்கமே கீற?”

“மேலதான் கீறேன். இன்னா?”

தட்டின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். மரப் பேலட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்திருந்தாள் தேவகி. வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ராகவன் சார், அவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் இறங்கவில்லை. மிச்சப் போல்ட்டுகளை முறுக்கி முடித்து, கிரீஸ் நாலு பிளாக்குக்கும் வருகிறதா என்று பார்த்து, கருவிகளை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்கினேன். முட்டுகளை விலக்கிவிட்டு, என் பூட்டை நானே எடுத்தேன். தேவகி பட்டனை அமுக்கினாள். வண்டி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் போய் வந்தது. திக்கல் இல்லை, கடக் இல்லை. என் கையால் சரியான வண்டி! நெஞ்சு நிமிரத்தான் செய்தது.

“ஷோக்கா ஓடுதுமே” என்றாள் தேவகி. அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திருவொற்றியூர் தாண்டியதும் என் கை ரெண்டையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு நீ எனுக்குக் குடுத்திருந்தா, அதுவே பழக்கமாயிருக்கும். இன்னிக்கும் என்கிட்டதான் சாவி இருந்திருக்கும்” என்றாள். “நானே தொறந்திருப்பேன்டி. நானே அமுக்கியிருப்பேன். உனக்கு வேல மிச்சமாவட்டும்னுதான் தொறந்திருப்பேன்.”

ஆட்டோவில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அழுதாள். மாரியிடம் நான் சொன்னதன் அர்த்தம் எனக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. கெட்டவள் கையில் சாவி இருந்தால் யோசித்துத் திறப்பாள், நம் மேல் உயிரை வைத்திருப்பவள் யோசிக்காமல் திறப்பாள். இதை அவளிடம் சொல்லவில்லை. “மூக்கத் துடைடி, எல்லாரும் பாக்குறாங்க” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் என் வீட்டுச் சாவியை அவள் கையில் வைத்தேன். வாங்கி அவள் வீட்டு ஆணியில் மாட்டினாள். அந்த ஆணி இருக்கட்டும், அதைப் பிடுங்க எனக்கு உரிமை இல்லை.

மேலே ஏறியவள்

கொஞ்ச காலம் கழித்து, பீமின் மேல் இருக்கும் சென்சாரைத் துடைக்கும் வேலையை மெஷின் ஓட்டுகிறவர்களே கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். முதலில் கையைத் தூக்கியவள் தேவகி.

இரும்பு முட்டு அவளே கொடுத்தாள். காற்றைத் திறந்தாள். சுவிட்சை இறக்கித் தன் பூட்டைப் போட்டாள். பட்டனை அமுக்கிப் பார்த்தாள், ஒரு தடவைக்கு ரெண்டு தடவை. நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை அவள்.

ஏணியடிக்கு வந்து போனை என் கையில் கொடுத்தாள். வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். மேலே எதிலாவது மாட்டும் என்று தாலிச் செயினையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். பிரசவத்துக்குக்கூட டாக்டரிடம் சண்டை போட்டுக் கழற்றாதவள் அவள். சேலை கட்டினவள் மாதிரியே நிதானமாக, பேன்ட் சட்டையில் படி படியாக ஏறிப்போனாள்.

ராகவன் சார் வந்து நின்றார். சுவிட்சில் தொங்கும் பூட்டைப் பார்த்தார், என் கைநிறைய இருந்த அவள் பொருட்களைப் பார்த்தார்.

“சாவியும் உன்கிட்டதான் குடுத்திருக்காளா?”

என் வாழ்க்கையில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு பெருமையோடு எதற்கும் சொன்னதில்லை.

“அவகிட்டதான் கீது சார்” என்றேன்.